பத்து லட்சத்து ஒன்பது

சிற்றம்பலத்தாரின் மகள் கமலாசனி இறந்தபோது நான் ஊரில் இல்லை. டிசம்பரில் நத்தார்ப் பெருநாள் விடுமுறைக்கு முல்லைத்தீவுக்கு, என் வீட்டுக்குப் போயிருந்தேன். அறுபத்திரண்டாம் ஆண்டு ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று எட்டாம் வகுப்பு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிட்டேன். அவளுடைய பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை எழுந்து நின்று, "சேர், அவளை எரிச்சுப் போட்டினம்," என்றாள்.

நெருப்புக்காய்ச்சல். பதினெட்டு நாள் கிடந்திருக்கிறாள். மாரி வெள்ளம் வடிந்த கையோடு எங்கள் குடியேற்றத்தில் பலருக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. மற்றவர்கள் எழும்பிவிட்டார்கள். பதின்மூன்று வயதுக்காரி இவள் எழும்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை துக்கம் விசாரிக்கப் போனேன். சிற்றம்பலத்தார் கரவெட்டியிலிருந்து வந்தவர். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கர் துண்டைக் காடு வெட்டி, வேர் கிளப்பி, வயலாக்கியவர். அதிகம் கதைக்கமாட்டார். அவருடைய வயலை அயலவர்களே முறைபோட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேலியடியில் குந்தியிருந்தார். உள்ளே அவருடைய மனைவி இராசேஸ்வரி சுவரைப் பார்த்தபடி பாயில் கிடந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. அவர்களுக்கு அவள் ஒரே பிள்ளை.

எங்கள் கத்தோலிக்க வேதத்தில் சொல்கிற ஆறுதல் வார்த்தைகள் நாலைந்து நெஞ்சுக்குள் வந்தன. அவற்றை அங்கே வைத்துச் சொல்ல மனம் ஒப்பவில்லை. சும்மா பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தால் அவர் எழுந்து போய் ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"மாஸ்ரர், இது நீங்கள் குடுத்த கணக்கோ?"

முதல் பக்கத்தில் 1000009 என்று பெரிதாக எழுதி, அதன் கீழே அழகான கையெழுத்தில் ஒரு வசனம் இருந்தது: இந்த எண்ணை எந்த எண்ணும் மீதியில்லாமல் வகுக்காது. அதற்குக் கீழே அவளுடைய பெயர்.

அது என்னுடைய வசனம்.

முந்தைய வருடம் கார்த்திகை மாதம் முதன்மை எண்களைப் பற்றிப் படிப்பித்தேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒன்றாலும் தன்னாலும் மட்டும் பிரிபடுகிற எண்கள். வகுப்பை வியக்க வைக்கவேண்டும் என்று கரும்பலகையில் பத்து லட்சத்து ஒன்பது என்று எழுதினேன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்தில் ஏதோ ஒரு பழைய அட்டவணையில் அதை முதன்மை எண் என்று போட்டிருந்த ஞாபகம். "இதை எந்த எண்ணும் மீதியில்லாமல் வகுக்காது," என்றேன்.

கமலாசனி கையை உயர்த்தினாள். "சேர், நீங்கள் வகுத்துப் பாத்தனீங்களோ?"

"நான் ஏன் பாக்க? பெரிய பெரிய ஆக்கள் பாத்து எழுதி வைச்சிருக்கினம்."

"அவையள் பிழை விட்டிருந்தால்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அப்ப நீ பாத்துச் சொல்லு பிள்ளை. ஆயிரம் வரைக்கும் உள்ள முதன்மை எண்களாலை வகுத்துப் பாத்தால் போதும். ஆயிரத்துக்கு மேலை ஒண்டு வகுத்தால் அதின்ரை சோடி ஆயிரத்துக்குக் கீழை இருக்கும். எல்லாமாய் நூற்று அறுபத்தெட்டு எண்தான். கெதியாய் முடிச்சுப்போடுவாய்!"

அன்றைக்குப் பிறகு பிள்ளைகள் அவளைப் 'பத்து லட்சம்' என்று கூப்பிட்டார்கள். "பத்து லட்சம் வருகுது, வழி விடுங்கோடா," என்று பையன்கள் பகிடி பண்ணுவதை நானே கேட்டிருக்கிறேன். அவள் உண்மையாகவே வகுக்கத் தொடங்கினாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

கொப்பியைப் புரட்டினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு எண். ஏழால் வகுத்து மூன்று மீதி. பதினொன்றால் வகுத்துப் பத்து மீதி. பதினேழில் ஒன்றே ஒன்று மீதி வந்திருந்தது. அதன் பக்கத்தில் 'தப்பிட்டுது' என்று எழுதியிருந்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை நாற்பத்தாறு எண்கள் முடிந்திருந்தன. அடுத்த பக்கத்தில் 211 என்று எழுதிக் கோடு கீறியிருந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

"காய்ச்சல் வந்த அண்டைக்கு எழுதினது," என்றார் சிற்றம்பலத்தார். "மிச்சத்தை நாங்கள் செய்யலாமோ, மாஸ்ரர்? நான் அஞ்சாம் வகுப்பு. பெரிய கணக்கு வராது. நீங்கள் காட்டித் தந்தால் செய்வன்."

"இன்னும் நூற்றிருபத்திரண்டு எண் கிடக்குது, அண்ணை."

"கிழமைக்கு ரண்டு செய்தால்?"

"ஒரு வருசத்துக்கு மேலை போகும்."

"போகட்டும். போனால் நல்லது," என்றார் அவர். "பிள்ளை சொன்னது சரியெண்டு காட்டிப்போட்டால் எனக்குக் காணும். அதுவரைக்கும் அவள் ஏதோ ஒரு வேலையாய் இஞ்சைதான் இருக்கிறாள் எண்ட மாதிரி."

அந்த வசனம் என்னுடையது, பிள்ளையினுடையது அல்ல என்று அப்போதே நான் சொல்லியிருக்கவேண்டும். அது பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. நீள்வகுத்தலை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபிறகு வந்த செவ்வாய்க்கிழமை தொடங்கினார். செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. பொழுதுபடும் நேரம், கோயிலால் வந்து, கைகால் கழுவி, விளக்கை வைத்துக்கொண்டு செய்வார். சனிக்கிழமை காலையில் நான் போய் இரண்டு கணக்கையும் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் சரி போட்டுவிட்டு வருவேன். அவர் இலக்கங்களைப் பெரிதாக, அழுத்தி எழுதுவார். தாள் பின்பக்கம் வரை பொம்மிக்கொண்டு நிற்கும். 211க்கு மீதி 80. எட்டு முறை அழித்து எழுதி அதை எடுத்திருந்தார்.

இரண்டாவது சனிக்கிழமை இன்னொரு கையெழுத்தைக் கண்டேன். கணக்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல்: வகுக்கிற எண்ணின் ஒருமடங்கு, இருமடங்கு, மும்மடங்கு என்று ஒன்பது வரை.

"அவா போட்டுத் தந்தவா," என்றார் சிற்றம்பலத்தார், மனைவி இருந்த பக்கம் காட்டி, தாழ்ந்த குரலில். "நான் பெருக்கிப் பெருக்கிப் பிழைக்கிறதைக் கேட்டுக்கொண்டு கிடந்தவா. திடீரெண்டு எழும்பி வந்து, 'உங்களுக்குப் பெருக்கல் வராது, தள்ளுங்கோ, எனக்குக் கூட்டத் தெரியும்' எண்டா. கூட்டிக் கூட்டிப் போட்டுட்டா."

அதற்குப் பிறகு அப்படித்தான் நடந்தது. இராசேஸ்வரி அக்கா முன்னதாகவே பட்டியலைப் போட்டு வைத்துக்கொண்டு, கணவருக்கு எதிரே இருந்து, வேண்டிய எண்ணைச் சொல்வார். அவர் கழிப்பார். மூன்றாம் கிழமை அக்கா தலை முழுகியிருந்தார். நான்காம் கிழமை குசினியிலிருந்து எனக்குத் தேத்தண்ணீர் வந்தது. "சீனி போட்டனான், மாஸ்ரர். மறந்துபோனன் எண்டு நினைக்காதேங்கோ," என்று அங்கிருந்தே சொன்னார். சிற்றம்பலத்தார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மனிதருடைய துக்கத்துக்கு மருந்து எந்தப் பக்கத்தால் வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த வீட்டுக்கு ஆண்டவர் அதை ஒரு வகுத்தல் கணக்கில் வைத்து அனுப்பியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த நான்காம் கிழமைதான் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. என்னோடு பயிற்சிக் கலாசாலையில் படித்த யோகலிங்கம் அங்கே உயர்வகுப்புக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தான். பெரிய எண்களைச் சோதிக்கச் சுருக்கமான வழி ஏதும் உண்டா, சரி பிழை பார்க்க எனக்கு இலகுவாயிருக்கும் என்று நான் எழுதிக் கேட்டிருந்தேன். அவன் எழுதியிருந்தான்:

'நீ சொல்லும் எண் ஆயிரத்தின் வர்க்கத்தோடு மூன்றின் வர்க்கத்தைக் கூட்டினால் வருகிறது. அது பார்த்தவுடன் தெரியும். ஆனால் தொளாயிரத்து எழுபத்திரண்டின் வர்க்கத்தோடு இருநூற்று முப்பத்தைந்தின் வர்க்கத்தைக் கூட்டிப் பார். அதே எண்தான் வரும். ஒரு முதன்மை எண்ணை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க முடிந்தால் ஒரு விதமாகத்தான் பிரிக்கலாம். இது இரண்டு விதமாகப் பிரிகிறது. ஆகவே இது முதன்மை எண் அல்ல. உன் அட்டவணை பிழை. எந்த எண் இதை வகுக்கும் என்று தேட எனக்கு நேரமில்லை. நீயே தேடு.'

இடைவேளையில் ஆசிரியர் அறையில் இருந்து கூட்டிப் பார்த்தேன். 944784. 55225. கூட்டினால் 1000009.

சிற்றம்பலத்தார் அப்போது 251 வரை முடித்திருந்தார். அங்கிருந்து நானே மேலே வகுத்துப் போனேன். 257க்கு இருபத்திரண்டு மீதி. 263, 269, 271, 277, 281. 283க்கு நூற்றெழுபது மீதி. எட்டாவதாக வந்தது 293. மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று முறை. மீதி பூச்சியம்.

எட்டு எண் என்றால் நான்கு கிழமை. நூற்றிருபத்திரண்டு என்று நான் சொல்லியிருந்தேன். அது ஒரு வருடத்துக்கு மேல் போகும் என்று அந்த இரண்டு சீவன்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது நான்கு கிழமையில் முடியப்போகிறது. முடிகிறபோது, தங்கள் பிள்ளை எழுதியது பிழை என்று சொல்லிக்கொண்டு முடியப்போகிறது.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவர்களுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று என்னையே நம்பவைத்தேன். அது பாதிதான் உண்மை. படிப்பித்தவன் பிழையாகப் படிப்பித்தான் என்று என் வாயால் சொல்ல வெட்கம் என்பதுதான் மற்றப் பாதி. ஒவ்வொரு சனியும் போனேன். ஒவ்வொரு சனியும் சரி போட்டேன். 257. 263. 269. 271.

தவக்காலமாகையால் ஒரு ஞாயிறு முல்லைத்தீவுக்குப் போனபோது பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சுவாமியாரிடம் முழுக்கதையையும் சொன்னேன்.

"கணக்குப் பிழைக்கு என்னட்டை மன்னிப்பு இல்லை," என்றார் அவர். "எனக்கே கணக்கு வராது. தெரிஞ்சுகொண்டு சொல்லாமல் இருக்கிறியே, அதுக்கு இருக்கு. ஆனால் முதல்லை போய்ச் சொல்லிப்போட்டு வா. பிறகு தாறன்."

"அந்தச் சனங்கள் உடைஞ்சு போகுங்கள், சுவாமி."

"உடையுதோ இல்லையோ எண்டதை நீ இருந்து தீர்மானிக்காதை. உன்ரை பங்கை நீ செய்."

அப்படியும் இரண்டு கிழமை கடத்தினேன். 293 வரவேண்டிய வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம், இன்றைக்கு எப்படியும் சொல்வதென்று சைக்கிளில் போனேன். வேலிக்கு வெளியே நின்றபோது விளக்கு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே இராசேஸ்வரி அக்காவின் குரல், பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல இராகத்தோடு கேட்டது. "எண்ணூற்று எழுபத்தொன்பது... ஆயிரத்து நூற்று எழுபத்திரண்டு..." அந்தக் குரலில் உயிர் இருந்தது. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த இரவு எப்படிப் போயிற்று என்று எழுதப்போவதில்லை. விடிந்ததும் போனேன்.

சிற்றம்பலத்தார் வழக்கம்போல வேலியடிக்கு வந்து கூட்டிக்கொண்டு போய்க் கதிரையைப் போட்டார். கொப்பியை நீட்டினார். அவருடைய முகத்தில் நான் எதிர்பார்த்த ஒன்றும் இல்லை. 283ஐப் பார்த்தேன். நூற்றெழுபது மீதி. சரி போட்டேன். பக்கத்தைத் திருப்பினேன்.

கணக்கு ஒழுங்காகத் தொடங்கியிருந்தது. ஆயிரத்தில் மூன்று முறை, 879 கழிந்து 121. நான்கு முறை, 38. ஒரு முறை, 87. ஒன்பதை இறக்கினால் 879. அந்த இடத்தில் மூன்று என்று போட்டிருக்கவேண்டும். இரண்டு என்று போட்டிருந்தது. 586 கழிந்து, அடியில் வழக்கம்போல அழுத்தமாக: மீதி 293.

293ஆல் வகுத்து 293 மீதி. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அப்படி விடாது. மீதி வகுக்கிற எண்ணளவு இருந்தால் இன்னொரு முறை போகும் என்று முதல் நாளே நான் காட்டிக்கொடுத்திருந்தேன். பதினைந்து கணக்கில் அவர் அந்தப் பிழை விட்டதில்லை.

சிவப்புப் பென்சில் என் கையில் இருந்தது. சரி போட்டால் எல்லாம் பழையபடி நடக்கும். அடுத்தது 307. அதன் பிறகு 311. ஒரு வருடத்துக்கு மேல் போகும். குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாஸ்ரர், வாய்க்காலடிக்கு ஒருக்கா வாங்கோவன்," என்று எழுந்தார்.

வாய்க்கால்கட்டில் நின்று அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"எனக்குத் தெரியும் மாஸ்ரர். அது இன்னொருக்கால் போகும். போனால் ஒண்டும் மிஞ்சாது." கட்டில் கிடந்த மண்கட்டியைக் காலால் தட்டிவிட்டுச் சொன்னார்: "நீங்கள் கடற்கரைப் பக்கத்து ஆள். உங்களுக்கு எங்கடை களத்துப் பழக்கம் தெரியாது. சூடடிச்சு நெல்லை அளக்கேக்கை முதல் பெட்டிக்கு ஒண்டு எண்டு சொல்லுறேல்லை, லாபம் எண்டு சொல்லுறது. கடைசிப் பெட்டியை எங்கடை ஆக்கள் அளக்கிறதேயில்லை. நெற்கும்பி குறைஞ்சு வரும். இன்னும் ஒரு பெட்டிதான் கிடக்குது எண்டு கண் சொல்லும். உடனை பெட்டியைக் கவிட்டு வைச்சிடுவம். அதையும் அளந்து துடைச்சால் களம் வெறுங்களம். அந்தக் கடைசிப் பெட்டி ஆராவது இல்லாததுகள் வந்தால் அள்ளிக் குடுக்கிறதுக்கு. என்ரை கை அதுக்குப் பழகின கை. முந்தநாளும் களத்திலை அப்பிடித்தான் விட்டுட்டு வந்தனான்."

"அதாலையோ ரண்டு போட்டனீங்கள்?"

"கை நிண்டுட்டுது, மாஸ்ரர். பூச்சியம் எழுத வரேல்லை. பிள்ளை தன்ரை கையாலை எழுதி, பேரும் வைச்சிருக்கிறாள், ஒண்டும் இதைப் பிரிக்காது எண்டு. தகப்பன் நானோ இருந்து அவளின்ரை சொல்லைப் பொய்யாக்கிறது? உள்ளுக்கை இருக்கிறவவும்..." வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இப்பதான் ரண்டு வாய் சோறு தின்னுறா. நீங்கள் சரியைப் போட்டுவிடுங்கோ, ஐயா. உங்களைக் கும்பிடுறன்."

அவர் என்னைக் கும்பிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர். அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டு, "அண்ணை, அது பிள்ளையின்ரை சொல் இல்லை," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணையை, கரும்பலகையை, யோகலிங்கத்தின் கடிதத்தை, நான்கு கிழமையாக நான் தெரிந்துகொண்டே போட்ட சரிகளை. "பிழை சொன்னது நான். அவள் என்ரை வசனத்தைத்தான் எழுதி வைச்சவள். அதை நம்பியிருந்தால் அவள் வகுத்துப் பாத்திருப்பாளோ? நம்பினபடியால் நான் வகுத்துப் பாக்கேல்லை. அவள் நம்பேல்லை."

எனக்குப் பின்னால், "அப்ப அவள் உங்கடை பிழையைப் பிடிக்கத்தான் திரிஞ்சவள்," என்று ஒரு குரல் கேட்டது.

இராசேஸ்வரி அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையோடு வேலிப்பொட்டு இடைவெளியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"நீர் ஏன் இஞ்சை வந்தனீர்?" என்றார் சிற்றம்பலத்தார், தடுமாறி.

"நல்லாய்க் கேக்கிறியள். பட்டியல் போட்டது ஆர்? எண்ணூற்று எழுபத்தொன்பது எண்டு முதலே நான் ஒருக்கால் சொல்லிப்போட்டன். கடைசியிலை நீங்கள் கீழை இறக்கிப்போட்டு எண்ணூற்று எழுபத்தொன்பது எண்டு வாசிக்கிறியள். என்ரை பட்டியலிலை அந்த எண் அப்பிடியே கிடக்குது. நான் வாய் திறக்க முந்தி நீங்கள் ரண்டு எண்டு எழுதிப்போட்டியள்." கோப்பையை மற்றக் கைக்கு மாற்றினார். "இந்த மனுசன் பிள்ளைக்காண்டிப் பொய் எழுதுது, நான் ஏன் கெடுக்க எண்டு பேசாமல் இருந்தனான். விடியவிடிய நித்திரை இல்லை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே விளக்கடியில் இருந்து, ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று மற்றவர் அந்தப் பூச்சியத்தை விழுங்கியிருக்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மௌனத்தையும் அவர்களுடைய மௌனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"மாஸ்ரர்," என்றார் அக்கா, "இன்னும் எத்தினை எண் செய்திருந்தால் அவள் கண்டுபிடிச்சிருப்பாள்?"

"பதினாறு, அக்கா."

"ஒரு நாளைக்கு ரண்டு செய்யிறவள். எட்டு நாள்." அக்கா விரலை மடித்துப் பார்த்தார். "எட்டு நாள் கிடைச்சிருந்தால் வகுப்புக்கு வந்து உங்களை நிக்கவைச்சிருப்பாள்."

"ஓம். நிக்கவைச்சிருப்பாள்."

அக்கா சிரித்தார். நான் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அது பாதியில் உடைந்தது. கோப்பை கையிலிருந்து நழுவி வாய்க்கால்கட்டில் விழுந்தது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அந்த ஈரமண்ணிலேயே இருந்துவிட்டார். சிற்றம்பலத்தார் பக்கத்தில் போய்க் குந்தினார். மகளைக் கொண்டுபோன நாளில்கூட அழாத மனிதர் என்று அயலவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு அழுதார்.

பிறகு வீட்டுக்குள் வந்தோம். சிற்றம்பலத்தார் இரண்டை அழித்து மூன்று போட்டார். அக்கா பென்சிலை வாங்கி, பட்டியலில் இருந்த 879ஐ விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, அடியில் சின்னதாக ஒரு பூச்சியம் எழுதினார். நான் முதல் பக்கத்தைத் திருப்பினேன். அவளுடைய பெயரை ஒன்றும் செய்யவில்லை. மேலே இருந்த வசனத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால், 'ஆசிரியர் சொன்னது பிழை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

கொப்பியை மூடினதும் அக்கா கேட்டார்:

"இனிச் செவ்வாய், வெள்ளியிலை நாங்கள் என்ன செய்யிறது?"

சிவப்புப் பென்சிலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் 293ஐயும் 3413ஐயும் எழுதிப் பெருக்கச் சொன்னேன். பிள்ளைகள் பெருக்கினார்கள். என்ன எண் வருகிறது என்று கண்டதும் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "போன வருசம் நான் உங்களுக்குப் பிழையாய்ச் சொல்லித் தந்தன்," என்றேன். "கமலாசனி சந்தேகப்பட்டது சரி." ஒருவரும் சிரிக்கவில்லை. அவளை அதிகம் பகிடி பண்ணின பையன் கொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நிமிராமல் இருந்தான்.

யோகலிங்கத்துக்கு எழுதி இன்னும் பெரிய ஒரு எண் வாங்கலாமோ என்று யோசித்தேன். பன்னிரண்டு இலக்கமுள்ள ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்வார்கள். அது வேண்டாம் என்று பட்டது. அந்த எண்ணில் பிள்ளை இருக்கமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை பொழுதுபட வெறுங்கையோடு போனேன். அவர்கள் இரண்டு பேரும் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு அதற்கு இரு பக்கமும் சும்மா இருந்தார்கள். நான் போய் மூன்றாவது ஆளாக இருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம் மட்டும் கேட்டது. மனதுக்குள் ஒரு செபம் சொல்லி முடித்தேன். இன்னொன்றும் சொன்னேன்.

"நாங்கள் இஞ்சை வரேக்கை அவளுக்கு நாலு வயசு," என்றார் சிற்றம்பலத்தார் கடைசியில், எனக்குச் சொல்வதுபோல. "சாமான் ஏத்தின லொறியிலை வந்தனாங்கள். வழியெல்லாம் தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். ஆனையிறவு தாண்ட நித்திரையாய்ப் போனாள்."

"ஆனையிறவிலை இல்லை," என்றார் அக்கா.

"ஆனையிறவிலைதான். உப்புக்காத்து முகத்திலை அடிச்சது. எனக்கு நல்ல ஞாபகம்."

"பரந்தன் சந்தி மட்டும் எண்ணினவள். நூறுக்கு மேலை எண்ணத் தெரியாமல் திருப்பித் திருப்பி ஒண்டிலையிருந்து தொடங்கினவள். நீங்கள் முன்னுக்கு ட்றைவரோடை கதைச்சுக்கொண்டு வந்தனீங்கள், உங்களுக்கென்ன தெரியும்? பிள்ளை என்ரை மடியிலை எல்லே இருந்தவள்."

"சரி, பரந்தன்," என்றார் அவர்.

"சும்மா சரி எண்டு சொல்லாதேங்கோ. அண்டைக்கு அவள் என்ன சட்டை போட்டிருந்தவள் எண்டாவது தெரியுமோ உங்களுக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. அக்கா சொல்லத் தொடங்கினார்.